மூணாவது தடவை கேட்டப்போ

உக்காருங்க ஹஜ்ரத், இப்படி நின்னபடியே கிளம்பினா எப்படி? உங்களுக்குன்னு கட்டி வச்ச ரொட்டி மூட்டை அடுப்புக்குப் பின்னாடி இருக்கு, எடுத்துத் தர்றேன். கதவு திறந்தேதான் இருக்கு, ஒண்ணும் தப்பா நினைக்க மாட்டாங்க. முனவ்வர் அக்கா ஹஜ்ரத்துக்குச் சாப்பாடு கட்டித் தர்றாங்கன்னு நினைப்பாங்க. உங்க வயசுல எனக்கு ஒரு தம்பி இருக்கான், மாஸ்கோவுல கட்டட வேலை.

டீ குடிங்க. பாதிக் கோப்பைதான் ஊத்தியிருக்கேன், திரும்பத் திரும்ப ஊத்தலாம்ல, நீங்க சட்டுனு போகக் கூடாதுங்கிறதுக்காக.

வாசல்ல என்ன சத்தமா? பொண்ணக் கூட்டிட்டுப் போக மாப்பிள்ளை வீட்டுக் காரெல்லாம் வந்திருச்சு. நம்ம தெருப் பொண்ணுங்க குறுக்க கயிறு பிடிச்சிட்டு வழி மறிக்கிறாங்க. துணியோ மிட்டாயோ குடுத்தாத்தான் விடுவாங்க. வேற கல்யாணத்துல சிரிச்சுக்கிட்டே விட்டுருவாங்க. இன்னைக்கு நான் சொல்லி வச்சிருக்கேன். நான் வர்ற வரைக்கும் விடாதீங்கடி, எதக் குடுத்தாலும் பத்தாதுன்னு சொல்லுங்கடின்னு. ஏன்னா பொண்ண கார்ல ஏத்துறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு கேட்டாகணும்.

கேக்குறேன், கேக்குறேன். விரட்டாதீங்க, விரட்டினா எனக்கு வாய் குழறும்.

நீங்க நம்ம தெருவுக்கு வந்து ஒரு குளிர்காலம்தான் ஆகுது. இந்தக் கோகந்து ஊர்ல ஒரு கல்யாணம் நடத்துறதுன்னா என்னன்னு நீங்க பள்ளிவாசல்லருந்து பாத்தா தெரியாது. விடியறதுக்குள்ள ஆம்பளைங்களுக்குப் புலாவ் போகணும். ஆட்டுக் கொழுப்பு கருகுச்சுன்னா சமையல்காரன திட்ட மாட்டாங்க, என்னத்தான் திட்டுவாங்க. எந்தச் சித்திக்கு எந்தத் துணி, எந்த அத்தைய எந்த அத்தை பக்கத்துல உக்கார வைக்கக் கூடாது, பாட்டுக்காரன் குடிக்காம இருக்கானா, வீடியோக்காரன் செத்துப் போன அம்மா படத்தச் சுவத்துலருந்து எடுக்கச் சொல்றானே, எடுக்கலாமா வேணாமா, எல்லாம் நான். ஏழாவதோட படிப்ப விட்டுட்டுப் பருத்தி பொறுக்கப் போனவ. என்னத்தான் கூப்பிடுறாங்க. ஏன்? முனவ்வர் இருந்தா ஒண்ணும் நிக்காது, நேரத்துக்கு நடக்கும்னு ஒரு பேரு. அந்தப் பேருதான் இப்ப என் கழுத்தப் பிடிக்குது.

ஆமா, செத்துப் போன அம்மான்னு சொன்னேன்ல. நம்ம கல்யாணப் பொண்ணு இரோதாவுக்கு அம்மா இல்ல. அப்பா கோசிம் வாயில்லாப் பூச்சி. வளத்தது அத்தை ஹோசியத்துதான். கெட்டவ இல்ல. குழந்தைக்குச் சோறு போட்டா, துணி தைச்சுக் குடுத்தா. ஆனா எப்படா இந்தப் பொறுப்பு முடியும்னு ஒவ்வொரு நாளும் எண்ணிக்கிட்டு இருந்தவ. அதையும் சொல்லணும்ல.

இரோதா நர்ஸ் படிக்கிறா. இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. நிச்சயத்தன்னைக்கு ரொட்டிய ரெண்டாப் பிச்சோமே, அப்போ மாப்பிள்ளையோட அம்மா ஹுர்ஷிதா எல்லார் முன்னாடியும் சொன்னா. படிக்கட்டும், எங்க வீட்டுல ஒரு நர்ஸ் இருந்தா எனக்கு ஊசி போட ஆளாச்சுன்னு. எல்லாரும் சிரிச்சோம். நான்தான் அந்த ரொட்டிய நீட்டினேன். பிச்ச ரொட்டிய ஒட்ட வைக்க முடியுமா? அத்தோட பேச்சு முடிஞ்சது.

இன்னைக்குக் காலையில ஹுர்ஷிதா வந்து சீர்ப் பெட்டிய ஒரு பார்வை பாக்குறேன்னு திறந்தா. மெத்தை, ரஜாய்ப் போர்வை, பீங்கான் எல்லாம் பாத்தா. அடியில இரோதாவோட வெள்ளைக் கோட்டு, நர்ஸ் கோட்டு. அதோட பையில காதுல மாட்டிக் கேக்குற குழாய். அத ரெண்டு விரலால தூக்கி என் மடியில போட்டா. முனவ்வர், இத எடுத்துடு, என் மகன் ரஷ்யாவுக்குப் போனா தந்தூர் அடுப்ப யாரு பாக்கிறது, நானான்னு கேட்டா. சிரிச்சிக்கிட்டேதான் கேட்டா. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கல. ஆனா நான் என்ன செஞ்சேன்? எடுத்தேன். ஒரு மூட்டையில சுத்தி இந்த சமையக்கட்டுக்குக் கொண்டுவந்தேன். வர்ற வழியில இரோதா நின்னா. பாதிப் பின்னின சடையோட. மூட்டையோட ஓரத்துல வெள்ளையா நீட்டிக்கிட்டு இருந்தது அவளுக்குத் தெரிஞ்சிருச்சு. அக்கா, சரின்னு சொல்லிட்டீங்களான்னு மட்டும் கேட்டா. நான், சும்மா இருடி, கண்ணு மை கலைஞ்சிடும்னு சொல்லிட்டு ஓடி வந்தேன். ரொட்டி வெந்துக்கிட்டு இருந்துச்சு.

இல்ல ஹஜ்ரத், அதுக்காக உங்கள உக்கார வைக்கல. மாமியார் சண்டைக்கு உங்கள எதுக்குக் கூப்பிடப் போறேன்? அது தெருவுல தினம் நடக்குது.

இன்னும் கொஞ்சம் டீ. சரி, கேட்டுடுறேன். பொண்ணு வாய் திறந்து சம்மதம் சொல்லலேன்னா நிக்காஹ் செல்லுமா?

வெக்கத்துல பேசாம இருந்தா செல்லும்னு சொல்றீங்க. ம். நானும் அப்படித்தான் கேள்விப்பட்டிருக்கேன். என் நிக்காஹ்லயும் நான் பேசல. முதல் தடவை கேட்டவுடனே பதில் சொன்னா ஆளுங்க, இவ்வளவு அவசரமான்னு கேலி பண்ணுவாங்களே. ரெண்டாவது தடவையும் சொல்லல. மூணாவது தடவை என் நாத்தனார் கிள்ளின கிள்ளுல கை கன்னிப் போச்சு. என்னைக் குடுத்தேன்னு சொன்னேன். ஆனா எனக்கு அவர் மேல ஆசை இருந்துச்சு ஹஜ்ரத். திரைக்குப் பின்னாடி சிரிப்ப அடக்கிட்டுதான் உக்காந்திருந்தேன். அதான் வெக்கம். வெக்கம்னா எப்படியிருக்கும்னு எனக்குத் தெரியும். இத்தனை பொண்ணுங்களுக்குப் பின்னாடி உக்காந்திருக்கேன், தெரியாதா? கை சூடா இருக்கும், தோள்பட்டை குலுங்கும்.

இரோதாவோட கை ஐஸ்கட்டி மாதிரி இருந்துச்சு.

இருங்க, சொல்றேன். திரைக்கு அந்தப் பக்கம் நீங்க, சாட்சிக்காரங்க, மாப்பிள்ளை எல்யோர். இந்தப் பக்கம் நான், ஹோசியத்து, இன்னும் சில பொம்பளைங்க. எல்லாரும் குசுகுசுன்னு சிரிச்சுக்கிட்டு. நீங்க முதல் தடவை கேட்டீங்க, உன்னை எல்யோருக்குக் குடுத்தியாம்மான்னு. பேசல. எல்லாரும், பாத்தியா நல்ல பொண்ணுன்னு சிரிச்சாங்க. ரெண்டாவது தடவை கேட்டீங்க. ஹோசியத்து கிள்ளினா. அப்ப என் போனு அடிச்சுக்கிட்டே இருக்கு, மண்டபத்துலருந்து, பாட்டுக்காரன் வரல, என்ன பண்றதுன்னு. வீடியோக்காரன் திரைக்கு மேல கேமராவ நீட்டுறான், அவன் கையத் தட்டி விடுறேன். என் தலைக்குள்ள ஒரே கணக்கு. நிக்காஹ் முடியணும், சர்க்கரை வீசணும், பொண்ணு முகத்தத் திருத்தணும், கார் வரும், கார் வரும்.

அப்புறம் மூணாவது தடவை கேட்டீங்க.

ஒரு சின்னக் குரல் குடுத்தேன்னு சொல்லிச்சுல்ல? நீங்க அல்ஹம்துலில்லாஹ் சொன்னீங்க. சாட்சிக்காரங்க சிரிச்சாங்க. சர்க்கரை பறந்துச்சு.

ஹஜ்ரத், நான் ஒண்ணு கேக்கிறேன், கோவிச்சுக்காதீங்க. வெக்கத்துல பேசாம இருந்தா செல்லும்னு சொன்னீங்க. பேசிட்டா?

பேசி, வேண்டாம்னு சொன்னா?

கோப்பைய வைங்க. வேற யாருக்குத் தெரியும்னு கேக்குறீங்களா? இல்ல, யாருக்கும் தெரியாது. ஹோசியத்துக்குத் தெரியும். அவதான் வாயப் பொத்தினா. அவ்வளவு மெல்லமாத்தான் சொன்னா அந்தப் பொண்ணு, அவ காதுகிட்ட குனிஞ்சிருந்த எனக்கும் ஹோசியத்துக்கும் மட்டும் கேட்டுச்சு. குடுக்கல. அவ்வளவுதான். அழல, கத்தல. தட்டுல பழம் நீட்டினா வேண்டாம்னு சொல்லுவோமே, அப்படி. ஹோசியத்து அவ வாயப் பொத்திக்கிட்டு என்னப் பாத்தா. அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும். முனவ்வர் இருந்தா ஒண்ணும் நிக்காது.

குடுத்தேன்னு சொன்னது நான்தான் ஹஜ்ரத். பொண்ணு குரல்ல. ரொம்ப வெக்கப்படுற பொண்ணுங்க தலைய ஆட்டுவாங்க, சத்தம் வராது, அப்ப அவங்களுக்காக நான் சொல்லிடுறதுதான், அந்தப் பழக்கத்துல வாய் முந்திக்கிச்சு. பழக்கம்னு சொன்னா நம்புவீங்களா? எனக்கே நம்பிக்கை இல்ல. இரோதா என் மணிக்கட்டப் பிடிச்சிட்டு இருந்தா. நான் சொன்னதும் விட்டுட்டா.

உக்காருங்கன்னு சொன்னவளே இப்ப எந்திரிங்கன்னு சொல்றேன். கோசிம்கிட்ட நான் சொல்லிக்கிறேன், ஹுர்ஷிதா என் முடியப் பிடிச்சு இழுத்தாலும் இழுக்கட்டும். இனிமே இந்தத் தெருவுல யாரும் என்ன ஒரு வேலைக்கும் கூப்பிட மாட்டாங்க, அது போகட்டும். நீங்க மட்டும் இரோதாகிட்ட மறுபடியும் ஒரு தடவை கேளுங்க. அவ என்ன சொல்லுறாளோ அதுதான்.

அந்தப் பக்கம் இல்ல ஹஜ்ரத், அது பாத்திர ரூம். பொண்ணு இந்தப் பக்கம். ஹோசியத்த நான் வெளிய கூட்டிட்டு வந்துர்றேன், நானும் வந்துர்றேன். அவ பக்கத்துல யாரும் இருக்க மாட்டோம்.