பைபிளின் கடைசிப் பக்கம்

ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸில் என் முன்சீட்டில் சீருடையோடு இரண்டு பேர். ஜன்னலோரம் இருந்தவர் திடீரென்று சொன்னார்:

"டெலிபோன் கண்டுபுடிச்சவரு பேரும் அலெக்சாண்டர்தான்."

"உன் பேரா?"

"அப்பா பைபிள் கடைசிப் பக்கத்துல லிஸ்ட்டே எழுதி வெச்சிகீறாரு. உலகத்த புடிச்ச ராஜா, டெலிபோன்காரரு, பென்சிலின் டாக்டரு."

"நீயும் போன் கம்பெனிலதானே கீற?"

"ரெண்டு ஸ்க்ரூ டைட் பண்றேன். பதினோரு மாசம் ஆனா கார்டைப் புடுங்கிக்கினு நிறுத்திடுவானுங்க. அப்பால புது ட்ரெய்னின்னு சேத்துப்பானுங்க. முப்பத்தஞ்சு வயசுல ஏழாவது வாட்டி ட்ரெய்னியா சேரப்போறேன்."

"அப்பாகிட்ட சொன்னியா?"

பஸ் தண்டலம் தாண்டியது.

"எப்படிச் சொல்றது? லிஸ்ட்டுக்குக் கீழ எனக்குன்னு ஒரு வரி காலியா வுட்டு வெச்சிகீறாரு."