பீற்றூட் நிற ஜக்கெற்

— வெளியால வாடி கெங்கா. உடுப்புப் போட்டுப் பாக்கப் போனனியோ, அந்த அறைக்குள்ள குடியேறப் போனனியோ?

— சிரிக்கமாட்டன் எண்டு சத்தியம் பண்ணு அக்கா.

— பக்ரறியில எட்டு மணித்தியாலம் நிண்டிட்டு வாறன். எனக்குச் சிரிக்கச் சக்தி இல்லை. வா.

— இந்தா. எப்பிடி?

— அப்பாவின்ர சாரத்தை வெட்டி ஆரோ சேட் தைச்சிருக்கினம்.

— இது பிளானல்! இப்ப கொலிச் முழுக்க இதுதான் ஸ்ரைல். உள்ளுக்கு வெள்ளை ரீசேட், கீழ கறுப்பு ஜீன்ஸ், கையை இப்பிடி மடிச்சு விடுறது. இலை கொட்டத் துவங்க, மேல ஒண்டு போட்டாச் சரி. அந்த மேல போடுறதுதான் இன்னும் அம்பிடேல்லை.

— முழங்கால் ஏன் கிழிஞ்சு கிடக்கு?

— அது கிழிச்சு விட்டது.

— ஓமோம். அம்மா எங்களுக்குக் கிழிஞ்சதைத் தைச்சுத் தைச்சே கண்பார்வை குறைஞ்சவ. நீ காசு குடுத்துக் கிழிசல் வாங்கு மகாராணி.

— அம்மாட்ட வாய் திறந்திடாத, பிளீஸ். பழைய உடுப்புக் கடையெண்டு தெரிஞ்சா, செத்தவையின்ர உடுப்பெண்டு என்னை வாசலிலயே நிப்பாட்டித் தோய வைப்பா.

— அப்ப என்ன சொல்லப்போறாய்?

— மோலில சேல் எண்டுவன். உடன புது உடுப்பெண்டு மஞ்சளோட வருவா, கொலருக்குள்ள பொட்டு வைக்க. மற்ற வீடுகளில ஒரு பொட்டு. எங்கட அம்மாவுக்கு மட்டும் மூண்டு வேணும்!

— போடுற ஆளுக்கு ஒண்டு, வீட்டில இருக்கிற ஆக்களுக்கு ஒண்டு, பாத்து எரியிற ஆக்களுக்கு ஒண்டு. அவவின்ர கணக்கு அது.

— எரியிறதெண்டா குணவதி அன்ரியின்ர மகள்தான். அவளும் அதே கொலிச். மோலில ஒரு மாடியையே வாங்கிப்போட்டாளாம்.

— அப்ப அவளைப் பாத்து உடு.

— மாட்டன். அவளைப்போலயும் வேண்டாம், உன்னைப்போலயும் வேண்டாம். பிறந்ததில இருந்து உன்ர பழசுதானே போட்டனான்? யூனிபோம் உன்ர, சப்பாத்து உன்ர. இஞ்ச வந்து போட்ட வின்ரர் கோட்டில உன்ர பேர் எழுதிக் கிடந்தது. ரீச்சர் ஒரு மாதமா என்னைத் தயாளினி எண்டு கூப்பிட்டவ!

— நீயும் ஒரு மாதமா ‘யெஸ் மிஸ்’ எண்டனி.

— அப்ப எனக்கு இங்கிலிஸ் அவ்வளவுதான். பகிடி பண்ணாத அக்கா. செவ்வாய்க்கிழமை கொலிச்சில முதல் நாள். அண்டைக்கு என்ர மேலில கிடக்கிறது நானாத் தெரிஞ்சதா இருக்கவேணும். வேற ஒண்டும் நான் கேக்கேல்லை.

— போன கிழமை என்ர உடுப்பு ஒண்டு தரட்டோ எண்டு கேட்டனான். பாக்காமலே கையெடுத்துக் கும்பிட்டாய்.

— பாத்திருந்தா விழுந்து கும்பிட்டிருப்பன். உதென்ன, இவ்வளவு பெரிய பையோட வந்திருக்கிறாய்?

— சாப்பாட்டுப் பை.

— பக்ரறிக்கு யானையும் வேலைக்கு வருதோ?

— ஓமோம், எனக்குப் பக்கத்தில நிண்டுதான் பிஸ்கற் அடுக்கிறது. போ, போய் அந்தக் கிழிசலைக் கழட்டு. நான் உந்தக் கம்பியில என்ன கொழுவிக் கிடக்கெண்டு பாக்கிறன்.

— கழட்டியிட்டன். ஏதும் கண்டனியோ?

— முழுக்கக் குப்பை. உந்தக் கடைசியில கிடக்கிற ஜக்கெற்றைத் தொட்டும் பாக்காத. பீற்றூட் அவிச்ச தண்ணி நிறம்.

— எது? இதோ? அக்கா, இது கோடுறோய், வரி வரியா வெல்வெற் மாதிரித் துணி! ரெண்டு தரம் இந்தக் கம்பியைப் பாத்தனான், எப்பிடி விட்டனான்?

— வை அதை. கிழவியள் கோயிலுக்குப் போடுறது.

— நீ கூடாதெண்டா அது கட்டாயம் நல்லதுதான். இஞ்ச பார், தோள் அளவெடுத்துத் தைச்ச மாதிரி.

— கை நீளம்.

— மடிப்பன். உனக்கு ஸ்ரைலும் ஏறேல்லை, படிப்பும் ஏறேல்லை.

— ஏறியிருந்தா யானையோட நிப்பனே?

— கோவியாத, அம்மா சொல்லுறதைத்தானே சொன்னனான். இதில விலைத்துண்டைக் காணேல்லை.

— விழுந்திருக்கும்.

— பொக்கற்றுக்குள்ள கையும் போகுதில்லை. தைச்சுக் கிடக்கு. புதுசில இருக்கிற நூல் அக்கா, வெட்டவே இல்லை! ஆரோ வாங்கி ஒருநாளும் போடேல்லை. எப்பிடியான விசரியா இருப்பாள்?

— பெரிய விசரி.

— நில்லு. கொலருக்குள்ள மஞ்சள்.

— ஸ்காபரோவில எங்கட சனத்துக்குக் குறைவே? ஆரும் குடுத்திருக்கும்.

— மூண்டு பொட்டு.

— உனக்கு எண்ணத் தெரியும். கொலிச்சுக்குப் போகலாம்.

— பையைக் காட்டு அக்கா.

— ஏன், கஸ்ரம்ஸில வேலை கிடைச்சிட்டுதோ?

— வெறும் பை. வரேக்க வீங்கிக் கிடந்தது.

— மெல்லக் கதை, கடைக்காரி பாக்கிறாள். என்ர ஜக்கெற்றை நானே களவெடுத்தனெண்டு பொலிசுக்கு என்னெண்டு விளங்கப்படுத்துறது?

— எப்ப வாங்கினது இது?

— மூண்டு வருசம். அப்பா வேலையில ஏணியால விழுந்து படுக்கிறதுக்கு ரெண்டு கிழமை முந்தி.

— நான் கண்டதே இல்லையே. எங்க வைச்சிருந்தனி?

— சூட்கேசுக்குள்ள. நீ எப்பவாவது அதைத் திறந்து அடுக்கியிருந்தாக் கண்டிருப்பாய்.

— ஏன் ஒருநாளும் போடேல்லை?

— பிஸ்கற் பக்ரறிக்கு ஆரடி கோடுறோய் போட்டுக்கொண்டு போறது? அது வேற இடத்துக்கெண்டு வாங்கினது.

— உனக்குப் படிப்பு மண்டையில ஏறாமத்தான் விட்டனி எண்டு அம்மா...

— நான்தான் அப்பிடிச் சொல்லச் சொன்னனான். கண்ணைத் துடை, கோடுறோயில தண்ணி பட்டா அடையாளம் விழும். செவ்வாய்க்கிழமை போட்டுக்கொண்டு போ. இந்த ஜக்கெற்றாவது கொலிச்சுக்குப் போகட்டும்.