கடைசி வரியைத் திருப்பிக் கொடுங்கள்

அவைக்கு அணியாய் அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே! பிள்ளைகளின் பாட்டுக்குப் புத்தகம் கண்ட விழாக்குழுச் செயலாளர் அவர்களே! வயதாலும் வாழ்வாலும் மூத்த பெரியோர்களே! மண்வெட்டியை வரப்போரம் சாத்திவிட்டு வந்திருக்கும் உழவர் பெருமக்களே! மடியில் பிள்ளையும் மனத்தில் பாரமுமாய் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! வணங்குகிறேன்.

நாட்டுப்புறத்துப் பிள்ளைகள் தங்கள் அன்றாடத்தைப் பாடிய புத்தகம் இது. எருமை தொலைந்த பாட்டு உண்டு. ஓட்டை வாளியின் பாட்டு உண்டு. வெளியிட வந்த நான் வாழ்த்திவிட்டுப் போக வேண்டியவன். வாழ்த்த வாய் வரவில்லை ஐயா!

இதில் ஒரு பாட்டு, கிணறு வெட்டுகிறவரின் மூத்த மகள் கட்டியது. ஆழத்தில் நிற்பவர் குரல் மேலே எட்டாது. கயிற்றை இழுத்துத்தான் அவர் பேசுவார். சென்ற கோடையில் மண் சரிந்து அந்தத் தகப்பனை மூடியது. மகள் பாடினாள்:

ஒருதரம் இழுத்தா மண்கூடை,
இருதரம் இழுத்தா தண்ணிச்செம்பு,
மூணுதரம் இழுத்தா எங்கப்பா.
அம்மா கயித்தைப் பிடிச்சிருக்கா,
கயிறு சும்மா இருக்குது.

இதற்கு மேல் எவன் எழுதுவான்? எந்தப் புலவன் எழுதுவான்? குழு என்ன செய்தது தெரியுமா? பிள்ளைப் பாட்டு சிரிப்பில்தான் முடிய வேண்டுமாம்! கடைசி வரியை வெட்டிவிட்டு, ‘அப்பா சிரித்து வந்தாரே’ என்று அச்சடித்துவிட்டது.

என்ன சொல்கிறீர்கள், செயலாளர் அவர்களே? நல்ல எண்ணத்தில் செய்தீர்களா? நம்புகிறேன். கண்ணீரைத் துடைக்கப் போய்க் கண்ணையே குத்திவிட்டீர்களே!

புத்தகம் நேற்றே அந்த வீட்டுக்குப் போய்விட்டது. இன்று காலை வாழ்த்துச் சொல்ல நானும் போனேன். வாசற்படியில் நாலு வயதுத் தங்கை, அப்பாவின் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“யாருக்குக் கண்ணு காத்திருக்கே?”

“அப்பா வந்துட்டாராம். புக்குல போட்டிருக்குன்னு சித்தி படிச்சாங்க.”

அடுப்படியில் நின்ற அக்காள் என்னிடம் கோபப்படக்கூட இல்லை. “அம்மாவுக்குச் சொல்ல வாய் வரலைங்க. நான்தான் பாட்டாக் கட்டி இவகிட்ட சொன்னேன். பாடிப் பாடி, அழுது அழுது, இப்பதான் ஓஞ்சிருந்தா. மறுபடியும் முதல்லேருந்து சொல்லணும்” என்றாள்.

கை தட்டாதீர்கள்! தயவுசெய்து தட்டாதீர்கள்! பரிசுக்கா கட்டினாள் அந்தப் பாட்டை? பாராட்டுக்கா கட்டினாள்? பெற்றவள் சொல்ல முடியாததைப் பிள்ளைக்குப் பிள்ளை சொன்ன பாட்டு அது! வயலும் வாய்க்காலும் சிரிக்கும்போது மட்டும் கேட்போம், அழும்போது திருத்துவோம் என்றால், நமக்கு எதற்கு ஐயா பிள்ளைகளின் பாட்டு?

ஆகவே இந்தப் புத்தகத்தை நான் இன்று வெளியிடப்போவதில்லை. அவள் வரியை அவளுக்குத் திருப்பிக் கொடுங்கள். அன்றைக்குக் கூப்பிடாமலே வருவேன்.

பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி. பெரியவளுக்கு இங்கே முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். அவள் வரவில்லை. தங்கை இன்னும் செருப்போடு வாசலில்தான் இருக்கிறாள். இருட்டுவதற்குள் அவளிடம் சொல்லியாக வேண்டும்.

வணக்கம்.