அரித்துக் கொடுத்த மண்

வாகரையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் பஸ். எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவரின் மடியில் ஒரு பை நிறையக் கடற்கரை மண்.

"போன முறை மண்ணை அரிச்சுக் குடுத்திட்டன் மச்சாள். அதுதான் பிழையாப் போச்சு" என்றார் அவர்.

"மண்ணை ஏன் அரிச்சீங்க?"

"மருமகள் ஆய்வுகூடத்தில, மண்ணில கதிர்வீச்சு இரிக்கா எண்டு அளக்கிறவள். நாம கருவாடு காயப்போடுற இடத்து மண் கேட்டாள். படிச்ச புள்ளைக்கு ஊத்தை மண்ணைக் குடுக்கலாமா? அரிசி அரிக்கிற மாதிரி அரிச்சு, அடியில நிண்ட கறுப்பையெல்லாம் கொட்டிட்டு, வெள்ளை வெளேரெண்டு குடுத்தன்."

"நல்லதுதானே?"

"அந்தக் கறுப்பிலதான் கதிர் கூட இரிக்குமாம்!"

மற்றவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ஏசினாளா?"

"இல்ல. சிரிச்சிட்டு, திரும்ப அள்ளித் தாங்க மாமி எண்டாள். இதைக் காயவெச்சு, மண்ணில இருந்து வாற வாயு வெளிய போகாம டப்பாவில அடைச்சு, ஒரு மாசம் பொறுத்துத்தான் மிஷினுக்குள்ள வெப்பாளாம். அது காமாக் கதிரை எண்ணிச் சொல்லுமாம்."

"ஒரு மாசமா!"

"மண்ணில கதிர் எண்டு கதை பரவி, சனம் நம்மட கருவாட்டை வாங்கப் பயப்படுது. அரிச்ச மண்ணையே அளந்து, ஒண்டுமில்ல எண்டு எழுதித் தா எண்டு கேட்டும் பாத்தன்."

"அதுக்கு?"

"'நம்மட பிள்ளைகள் விளையாடுறது அரிக்காத மண்ணிலதானே மாமி' எண்டாள்."

 மற்றவர் இரண்டு கைகளையும் நீட்டினார்.

"பையை இங்கால தாங்க மச்சாள். பஸ் குலுக்குது. ஒரு மணலும் கொட்டப்படாது."