பதினேழு முடிச்சு

முடிச்சு அவிழவில்லை.

வேனின் கூரைமேல் குந்தியிருக்கிறேன். கீழே துப்பாக்கியோடு ஒரு சிப்பாய். பெட்டியைத் திற என்று கை காட்டுகிறான். காலை பத்தே கால் மணி. 2023 ஏப்ரல் 25, செவ்வாய்க்கிழமை. சண்டை தொடங்கிப் பதினொன்றாம் நாள். சூடான் தேசம். கார்த்தூம் நகரத்தின் வடக்கு எல்லை. முதல் முடிச்சு அவிழ்ந்துவிட்டது. இன்னும் பதினாறு. ஆற்றுப் பக்கம் 'டும்' என்று ஒரு சத்தம். எண்ணுகிறேன். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. விழுந்தது. தூரத்தில்தான்.

"அண்ணாச்சி, சீக்கிரம்!" வேனுக்குள்ளிருந்து மாரியப்பன் கத்துகிறான்.

இரண்டாவது முடிச்சில் நகம் பெயர்கிறது.

என் பெயர் சுடலைமுத்து. ஊர் சங்கரன்கோவில். ஐந்தாம் வகுப்புவரை படித்தேன். பிறகு விசைத்தறி. தறி நின்றால் ஓட வைக்கிற ஃபிட்டர் வேலை. அந்த வேலைக்குத்தான் கார்த்தூம் போனேன். ஒரு துணி மில். ஒன்பது வருடம். எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து ஆறு பேரை நான்தான் ஒவ்வொருவராக வரவழைத்தேன். மாரியப்பன் அதில் ஒருவன். என்னோடு ஏழு பேர். அவர்களுக்கு நான் அண்ணாச்சி. யாருக்குக் காய்ச்சல் என்றாலும் என்னிடம் வருவார்கள். சோற்றுப் பானையில் முதல் கரண்டி நான்தான் போடுவேன். அதை யாரும் எழுதி வைக்கவில்லை. அப்படித்தான் நடந்தது.

ஜெபராஜ் என்று ஒருவர். மில்லில் வேலை செய்தவர் அல்ல. நகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார். எங்கள் ஊருக்குப் பக்கத்துப் பனவடலிசத்திரத்துக்காரர். முப்பத்தொரு வயது. மாரியப்பன் வைக்கிற மீன்குழம்புக்காகச் சண்டைக்கு முந்தின வெள்ளிக்கிழமை வந்தார். எங்களோடு தங்கினார். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சத்தம் கேட்டது. நூறு தறியை ஒரே நேரத்தில் ஓட விட்டதுபோல. சனிக்கிழமை எங்களுக்கு வேலை இல்லை. தறி ஓடவில்லை. அப்போதுதான் துப்பாக்கி என்று புரிந்தது.

அவரால் திரும்பிப் போக முடியவில்லை. நாங்கள் எட்டுப் பேர் ஆனோம்.

நூல் கிடங்குக்கு இறங்கினோம். பாதி தரைக்குக் கீழே இருக்கும் அறை. ஒரே ஒரு சன்னல். கரண்ட் இல்லை. வெயில் காலம். நூல் மூட்டைகளைச் சன்னலை அடைத்து அடுக்கினேன். தண்ணீரை அளந்து ஊற்றினேன். ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று டம்ளர். எல்லாம் நான் செய்தேன். மில் வாட்ச்மேன் இத்ரீஸ் எங்களோடு இருந்தான். அந்த ஊர்க்காரன். ரொட்டி எங்கே கிடைக்கும் என்று அவனுக்குத்தான் தெரியும்.

இரண்டாம் நாள் பிற்பகல். குண்டுச் சத்தம் நிற்கவில்லை. எங்கள் ஆட்களில் ஒருவன் அழ ஆரம்பித்தான். நான் அதட்டினேன். அழுகை கூடியது. ஜெபராஜ் அதட்டவில்லை. ஒரு கதை சொல்லட்டுமா என்று கேட்டார். பிரான்ஸ் தேசத்துக் கதை. ஜனங்களுக்கு ரொட்டி இல்லை. ராஜாவுக்குக் கவலை இல்லை. 1789 ஜூலை 14. ஜனங்கள் திரண்டு போய்க் கோட்டைச் சிறையை உடைத்தார்கள். உள்ளே எத்தனை கைதி இருந்தார்கள் தெரியுமா என்று கேட்டார்.

"ஆயிரம் இருக்குமா சார்?" மாரியப்பன்.

"ஏழே ஏழு பேரு."

"ஏலே, நம்ம மில்லு கணக்குலா! நம்மள உடைக்க எவம்லே வருவான்?"

அழுதவனும் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. தண்ணீர்க் குடத்தை மூடினேன்.

அன்றிலிருந்து தினமும் கதை. அவர் தமிழில் சொல்வார். பிறகு இத்ரீசுக்கு அரபியில் சொல்வார். ஒன்பது வருடம் இருந்தும் எனக்குக் கடைக்குப் போகிற அரபிதான் தெரியும். அவர் பேசும்போது இத்ரீஸ் நெஞ்சில் கை வைத்துக் கேட்டான். எனக்கு அவன் அப்படிக் கை வைத்ததில்லை. நான்காம் நாள் மாரியப்பன் தன் பாயை எடுத்து அவர் பக்கம் போட்டான். ஐந்தாம் நாள் தண்ணீர் ஊற்றப் போனேன். "சாருக்கு முதல்ல ஊத்துங்க அண்ணாச்சி, பேசிப் பேசித் தொண்டை காயுது" என்றான் ஒருவன். ஊற்றினேன். உள்ளே வேறு மாதிரி இருந்தது.

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். கேட்காதவன்போல. எல்லாவற்றையும் கேட்டேன். பெண்கள் ரொட்டிக்காக அரண்மனைக்கு நடந்தே போனது. ராஜாவைக் கையோடு தலைநகரத்துக்குக் கூட்டி வந்தது. மனிதர் எல்லோரும் சமம் என்று காகிதத்தில் எழுதி வைத்தது. சில இடங்களில் எனக்குச் சந்தேகம் வந்தது. கேட்டிருக்கலாம். கேட்டால் நானும் அவர் வகுப்பில் உட்கார்ந்ததாகிவிடும். கேட்கவில்லை.

ஏழாம் நாள் அந்த ஊர்க்காரர்களுக்கு நோன்புப் பெருநாள். இத்ரீஸ் எங்கிருந்தோ கொஞ்சம் பேரீச்சம்பழம் கொண்டு வந்தான். அன்றைக்கு அவன் பேசினான். ஜெபராஜ் தமிழாக்கினார். நான்கு வருடம் முன்னால் அவனும் தெருவில் உட்கார்ந்தவனாம். லட்சம் பேரோடு. ஆட்சியில் இருந்தவன் இறங்கினான். புது ஆட்சி வரும் என்று ஆடினார்களாம். கடைசியில் இரண்டு தளபதிகள் வந்தார்கள். இப்போது அடித்துக்கொள்வது அந்த இரண்டு பேரும்தான். இதைச் சொல்லிவிட்டு இத்ரீஸ் ஒன்று கேட்டான். அந்த பிரான்ஸில் ராஜா போன பிறகு ஆட்சி ஜனங்கள் கைக்கு வந்ததா?

அதைக் கடைசியில் சொல்கிறேன் என்றார் ஜெபராஜ். வாத்தியார்களுக்கே உள்ள பழக்கம்.

பத்தாம் நாள் செய்தி வந்தது. நாளையிலிருந்து மூன்று நாள் சண்டை நிறுத்தம். கடற்கரைப் பட்டணத்துக்குப் போய்விட்டால் கப்பல் இருக்கிறது. இத்ரீஸ் தன் மச்சான் வேனைப் பேசிக் கொடுத்தான். பழைய வேன். ஓட்டுவது எங்கள் ஆட்களில் ஒருவன். இத்ரீஸ் எங்களோடு வரவில்லை. மில்லை விட்டு எங்கே போவேன் என்றான்.

அன்று மாலைதான் ராஜா தப்பி ஓடிய கதை. 1791 ஜூன். ராஜா வேலைக்காரனைப்போல வேடம் போட்டார். குடும்பத்தோடு ஓடினார். ஆனால் ஓடுகிறவன் ஓடுகிறவனைப்போல ஓடவில்லை. பெரிய வண்டி. நிறைய சாமான். பாரம் தாங்காமல் வழியில் குதிரை பூட்டிய வார் அறுந்தது. நேரம் போனது. எல்லைக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது ஒரு சின்ன ஊரில் பிடித்துவிட்டார்கள்.

"அதனால நாளைக்கு ஆளு மட்டும் போவோம். பெட்டி வேண்டாம்" என்று முடித்தார்.

ஆறு பேரும் தலையாட்டினார்கள். எனக்கு ஒரு இரும்புப் பெட்டி இருந்தது. பச்சை நிறம். ஆவணியில் மூத்தவள் கல்யாணத்துக்காக இரண்டு வருடமாகச் சேர்த்தது. கம்பளி, மிக்சி, அத்தர், தையல் மிஷின் தலை. மூடியில் வெள்ளைப் பெயின்ட்டில் என் பெயர். அதன் கீழே சங்கரன்கோவில். வெளிநாட்டுக்காரன் வந்தால் எங்கள் தெருவே பெட்டி பார்க்க வரும். என் வீட்டுக்காரி திறப்பாள். எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள். வெறுங்கையோடு வந்தவனை ஏன் வந்தாய் என்று கேட்கமாட்டார்கள். பார்வையிலேயே கேட்பார்கள்.

ஆனால் பெட்டியை அதற்காக ஏற்றவில்லை. உண்மையைச் சொல்கிறேன். அவர் வேண்டாம் என்றார். அதனால் ஏற்றினேன். அவர் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தால் விட்டிருப்பேன்.

"அண்ணாச்சி, நெசமாவே சொல்லுதேன். நிறுத்தி நிறுத்திச் சோதிப்பான். ராஜா வண்டி கதை ஆயிரும்" என்றார்.

"சார், விடுங்க. அண்ணாச்சி பெட்டிக்குள்ள கிரீடம்லா இருக்கு" என்றான் மாரியப்பன்.

எல்லோரும் சிரித்தார்கள். தமிழ் தெரியாத இத்ரீசும் சிரித்தான்.

"எனக்குப் பாடம் நடத்தாதீரும் வே. தறி ஓட்டுதவனுக்குக் கட்டத் தெரியும்" என்றேன்.

பெட்டியை வேன் கூரையோடு கட்ட நூலைப் பன்னிரண்டு பிரியாக முறுக்கிக் கயிறு செய்தேன். தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூல் அறுந்தால் போடுகிற முடிச்சுதான் போட்டேன். இழுக்க இழுக்க இறுகுகிற முடிச்சு. தறியில் அது அவிழவே கூடாது. அப்படித்தான் எங்களுக்குப் பழக்கம். ஒன்று போதும். நான் பதினேழு போட்டேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்காகவே போட்டேன்.

காலை எட்டே காலுக்குக் கிளம்பினோம். ஜெபராஜ் இத்ரீசைக் கட்டிப்பிடித்தார். கதையின் முடிவை ஊர் போய்ப் போனில் சொல்வதாகச் சொன்னார். முதல் சோதனைச் சாவடியில் பெட்டியைப் பார்த்தார்கள். விட்டார்கள். இரண்டாவதில் சாலையோரம் ஒதுங்கச் சொன்னார்கள். எங்களுக்கு முன்னால் ஒரு பஸ் நின்றது. அதில் சாமான் இல்லை. போ என்றார்கள். போனது.

பெட்டியைத் திற என்றான் சிப்பாய்.

கத்தி கேட்டேன். தரவில்லை. எனக்கு அவன் சொல்வது புரியவில்லை. அவனுக்கு நான் சொல்வது புரியவில்லை. ஜெபராஜ் இறங்கினார். யாரும் இறங்கச் சொல்லவில்லை. சிப்பாயிடம் பேசினார். தையல் மிஷின், கல்யாணத்துக்கு என்று. அவன் நம்பவில்லை. பதினொன்றாவது முடிச்சு. பன்னிரண்டு. என் விரலில் ரத்தம். சிப்பாய் கடிகாரத்தைப் பார்த்தான். ஜெபராஜ் மேலே என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பாவு முடிச்சா அண்ணாச்சி? என் பல்லைத் தரட்டுமா?"

அடுத்த முடிச்சில் நகத்தை வைத்தேன். அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அது. நல்ல மனதோடுதான் கேட்டார். எனக்கு அது அப்போது கேலியாகப் பட்டது.

'டும்.' ஒன்று. இரண்டு. மூன்று இல்லை. இந்தத் தடவை ஊளைச் சத்தம்.

"படுங்கலே! படுங்க!" யார் கத்தியது என்று இன்றுவரை தெரியாது. நானாகக்கூட இருக்கலாம்.

கூரையிலிருந்து அந்தப் பக்கம் விழுந்தேன். மண். புகை. காதுக்குள் ஒரே இரைச்சல். தறிக்கூடத்தின் நடுவில் நிற்பதுபோல. எழுந்து சுற்றி வந்தேன். ஜெபராஜ் சாலையில் ஒருக்களித்துக் கிடந்தார். சட்டைப் பையில் பேனா அப்படியே இருந்தது. சிப்பாய் அவர் காலருகில் கிடந்தான். மணி பத்து ஐம்பது. பெட்டியில் ஒரு கீறல்கூட இல்லை. ஐந்து முடிச்சு பாக்கி.

அவரை வேனில் ஏற்றினோம். துறைமுகத்துக்கு ஒரு நாள் ஓட்டம். அந்த வெயிலில் கொண்டுபோக முடியவில்லை. வழியில் ஒரு கிராமத்தில் அடக்கினோம். அந்த ஊர்க்காரர்கள்தான் குழி வெட்டினார்கள். மாரியப்பன் இரண்டு குச்சியை நூலால் கட்டிச் சிலுவை வைத்தான். நூலை என் பெட்டிக் கயிற்றிலிருந்து உருவினான். என்னிடம் கேட்கவில்லை.

துறைமுகத்தில் அதிகாரி கேட்டார். சாலையில் குண்டு விழுந்தது என்றேன். அவ்வளவுதான் எழுதிக்கொண்டார். ஆறு பேரும் பக்கத்தில் நின்றார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. கப்பலில் பெட்டிக்கு இடமில்லை. கைப்பை மட்டும். பச்சைப் பெட்டியைக் கரையில் வைத்துவிட்டு ஏறினேன்.

பனவடலிசத்திரத்துக்குப் போனேன். அவர் அம்மா கேட்டார்கள். உதவி செய்ய இறங்கினார் என்றேன். யாருக்கு என்று அவர்கள் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். எனக்கு. என் பெட்டிக்கு.

அந்த வீட்டில் அவர் படம் இருக்கிறது. மாலை வாடுவதற்குள் மாற்றுகிறார்கள். மாரியப்பனுக்குப் போன வருடம் மகன் பிறந்தான். ஜெபராஜ் என்று பெயர் வைத்திருக்கிறான். ஒன்பது வருடம் முதல் கரண்டி போட்டவன் நான். அந்தக் குழந்தையைப் பார்க்கப் போனேன். தூக்கினேன். அப்போதும் உள்ளே அது இருந்தது. செத்தவர்மேல் ஒருவனுக்குப் பொறாமை வருமா என்று கேட்காதீர்கள். வரும்.

இளையவள் ஒன்பதாம் வகுப்பு. அவள் சரித்திரப் புத்தகத்தில் பிரான்ஸ் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுத்துக் கூட்டிப் படித்தேன். ராஜா தலையை 1793-ல் வெட்டினார்கள். புது ஆட்சி வந்தது. வெட்டியவர்களையும் வெட்டினார்கள். பிறகு ஐந்து பேர் ஆட்சி. 1799-ல் ஒரு தளபதி வந்து அதையும் பிடித்தான். ஜெபராஜுக்கு இது தெரியும். ஏழாம் நாளே தெரியும். இத்ரீசின் முகத்தைப் பார்த்துத்தான் சொல்லாமல் விட்டிருக்கிறார்.

நாங்கள் எட்டுப் பேர் கிளம்பினோம். ஏழு பேர் வந்தோம். ஜெபராஜ் வரவில்லை. அந்தச் சிப்பாயும் செத்துப்போனான். பெயர் தெரியாது. கடிகாரம் கட்டியிருந்தான். அவனையும் எண்ணுகிறேன். மாரியப்பனுக்கு அன்றோடு கேட்காமல் போன வலது காது. நூல் கிடங்கில் அவர்கள் விட்டு வந்த ஆறு பெட்டி. கரையில் ஒன்று. என் ஒன்பது வருடம். ஊரில் அந்த ஆறு பேரும் என்னைப் பெயர் சொல்லாமல், முறை சொல்லாமல், "வாங்க" என்று மட்டும் சொல்கிறார்கள். அதையும் எண்ணுகிறேன்.

இத்ரீஸ் நம்பருக்கு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போன் போடுகிறேன். மணி அடிப்பதில்லை. அவனை எந்தப் பக்கம் எண்ணுவது என்று தெரியவில்லை. அவன் கேட்டதற்குப் பதில் இப்போது எனக்குத் தெரியும். அரபியில் சொல்லத்தான் ஆள் இல்லை.