நூறாவது மணி நேரம்

“மாமா, அந்தப் பெட்டி பாடக் கத்துக்குதா, இல்ல உங்க காது அதுக்குப் பழகிக்குதா?”

என் தங்கை மகள் இதைக் கேட்டபோது அவளுக்கு எட்டு வயது. நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தங்கைக்குச் சிரிப்பில் புரையேறியது. “போச்சு, உன் முப்பது வருஷப் பொழப்பையும் ஒரே கேள்வியில ஊத்தி மூடிட்டாண்ணா” என்றாள். நானும் சிரித்தேன். பதில் மட்டும் சொல்லவில்லை. குழந்தை கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விடுவது ஒரு கடன் என்று நினைப்பவன் நான். அந்தக் கடனைப் பற்றியும், உங்கள் அறையில் நான் சொன்ன ஒரு பொய்யைப் பற்றியும் எழுதத்தான் இந்தக் கடிதம், டாக்டர்.

என்னை உங்களுக்கு நினைவிருக்காது. ஒன்பது வயதுப் பெண்ணைத் தோளில் தூக்கிக்கொண்டு உங்கள் மாடிப்படி ஏறி வந்தவன். நாங்கள் அவளை முயல் என்று கூப்பிடுவோம். நீங்கள் அவள் காதுக்குள் விளக்கு பிடித்துப் பார்த்துவிட்டு, பெரிய சத்தம் எதுவும் அருகில் கேட்டதா, இயர்போன் போடும் பழக்கம் உண்டா என்று விசாரித்தீர்கள். “இல்லை” என்றாள் தங்கை, அவளுக்குத் தெரியாது. நானும் இல்லை என்றேன். எனக்குத் தெரியும். அந்தப் பொய் அன்றுமுதல் என்னை உறுத்துகிறது. காலையில் கண்மூடி வேண்டிக்கொள்ளும்போதும் அதுதான் முதலில் வந்து நிற்கிறது.

என் வேலையைச் சொல்கிறேன். சட்டைப்பையில் அடங்கும், ஆனால் ஒரு மோட்டார் சைக்கிளின் விலை இருக்கும் மியூசிக் பிளேயர்களை விற்கிற கடை எங்களுடையது. அங்கே நான் கேட்பவன். புதிதாக வரும் ஒவ்வொரு பிளேயரையும் கேட்டு, அதன் குரல் எப்படி இருக்கிறது என்று குறிப்பு எழுதுவேன். கடை அதை அச்சடித்து வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும். என் குறிப்பைப் படிக்காமல் யாரும் பணத்தை எடுப்பதில்லை. காதுக்காரர் என்றுதான் என்னைச் சொல்வார்கள்.

புதுப் பிளேயரின் ஒலி கூராக இருக்கும், புதுச் செருப்பு கடிப்பதுபோல. ஆகவே உடனே யாருக்கும் கொடுக்கமாட்டோம். இயர்போனைச் செருகி, மழை இரைவது போன்ற ஓர் ஒலித்தடத்தை ஓடவிட்டு, வெல்வெட் விரித்த இழுப்பறைக்குள் நூறு மணி நேரம், இருநூறு மணி நேரம் வைத்துவிடுவோம். இதற்கு பர்ன்-இன் என்று பெயர். நான் பழக்குதல் என்பேன். இழுப்பறைக்குள் யாரும் காதில் மாட்டிக்கொள்ளப் போவதில்லை என்பதால் ஒலியின் அளவை உச்சத்துக்குப் பக்கத்தில் வைப்பது வழக்கம். அதற்கு இழுப்பறை அளவு என்று பெயர். சில மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துக் கேட்டு, மாற்றத்தை எழுதுவேன். “அடிமேல் அடி வெச்சா அம்மியும் நகரும், சார் பழக்கினா கல்லும் பாடும்” என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

காது காலையில்தான் தெளிவாக இருக்கும் என்பதால் இரண்டு மணிக்கு என் வேலை முடிந்துவிடும். தங்கை கணவர் கப்பலில் வேலை பார்க்கிறார். தங்கை ஒரு தையல் கூடத்தின் மேற்பார்வையாளர். வீடு திரும்ப ஆறாகும். பள்ளி விட்டு வரும் முயலுக்குச் சோறு போட்டு, சற்றுத் தூங்கவைப்பது என் பொறுப்பு. நான் அதைச் சுமையாக நினைத்ததே இல்லை. மாம்பழமானால் தோல் சீவி, கொட்டை எடுத்துத்தான் தருவேன்.

அவளுக்குப் பாம்புச் செவி. அம்மா தெருமுனையில் திரும்பும்போதே செருப்புச் சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவாள். மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு அழுவாள். பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார் ஓடும்வரை தூங்கமாட்டாள். பார்க்கவே பாவமாக இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடை விடுமுறை. இயர்போன்களைத் துடைக்க என்னோடு வந்திருந்தாள். கடையிலேயே விலை உயர்ந்த மாடலில் இரண்டு மேசைமேல் இருந்தன. ஒன்று இருநூறு மணி நேரம் பழக்கியது. மற்றது அன்றுதான் உறை பிரித்தது. பழக்கியதைப் பற்றி, திரை விலகி மேடை தெரிந்ததுபோல் ஒலி திறந்துகொண்டது என்று நான் எழுதி, அது அச்சாகியும்விட்டது. விளையாட்டாக இரண்டையும் அவளுக்குப் போட்டுக் காட்டினேன்.

“ரெண்டும் ஒண்ணுதான் மாமா.”

“நல்லாக் கேளு.”

“கேட்டுட்டேன். ரெண்டுலயும் ஒரு கொசு இருக்கு.”

“கொசுவா?”

“ஆமா. பாட்டுக்குப் பின்னாடி நின்னு ஊதிக்கிட்டே இருக்கு. உங்களுக்குக் கேக்கல?”

“கேக்குது, கேக்குது” என்றேன். இதுவும் பொய். இதையும் சேர்த்தே மன்னிக்க வேண்டும்.

அவளைச் சுவரைப் பார்த்து நிற்கவைத்தேன். பாட்டில்லாமல் பிளேயரை மட்டும் இயக்கியும் நிறுத்தியும் பார்த்தேன். கொசு வந்தால் விரலைத் தூக்கினாள், போனால் மடக்கினாள். பதினொரு தடவை, ஒரு தடவைகூடத் தவறவில்லை. அந்தச் சன்னமான ஒலி எனக்குக் கேட்கவேயில்லை. எனக்கு ஐம்பத்துநான்கு வயது. பணம் வரும் வயதில் காது போய்விடும் என்பது எங்கள் தொழிலில் பழைய நகைச்சுவை. வாங்குகிறவர்கள் எல்லாரும் என் வயதுக்காரர்கள் என்பதால் யாரும் குறை சொன்னதில்லை.

மறுநாளே முதலாளி ஒரு யோசனை சொன்னார். அந்த மாடலுக்காக வாடிக்கையாளர்களை அழைத்து ஒரு கேட்கும் நாள் வைக்கப்போகிறார். “நம்ம முயலம்மாவையும் கூட்டிட்டு வாங்க சார். கிழங்க சொல்றதையே எத்தனை நாளைக்குக் கேக்குறது? குழந்தை கேட்டுச் சொல்லட்டும், கடவுள் சொன்ன மாதிரி இருக்கும்.” தேதியும் குறித்துவிட்டார். ஐந்து வாரம் இருந்தது.

முயல் பொய் சொல்லமாட்டாள். அப்படித்தான் வளர்த்திருந்தோம். கொசு இருப்பதாக அவள் எல்லார் முன்னாலும் சொல்வாள். முப்பது வருடமாக என்னைக் காதுக்காரர் என்று அழைத்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். அதற்காகச் செய்தேன் என்று நீங்கள் நினைக்கலாம். நான் பல நாள் மனத்தைத் துழாவிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன், அதற்காக அல்ல. மிக்ஸிக்கு அழுகிற குழந்தை அவள். புதியது எதுவும் கூராகத்தான் இருக்கும், ஓடினால் இளகும். அதுவரை அதற்கு உதவுகிறவன் நான். காது மட்டும் என்ன விதிவிலக்கு?

காதும் காதும் வைத்தாற்போல் செய்ய வேண்டியிருந்தது. இது நம் இரண்டு பேர் ரகசியம் என்றபோது அவளுக்கு ஒரே குதூகலம். மதியம் அவள் படுத்ததும், உறுத்தாத மெத்தென்ற இயர்போனாகப் பார்த்து மாட்டிவிட்டேன். முதலில் அந்தக் கொசுவின் சுருதியைக் கடைக் கருவியில் அளந்து, அதிலேயே ஒரு தடம் செய்திருந்தேன். என் காதில் வைத்துப் பார்த்தேன், எதுவும் கேட்கவில்லை. ஏற்றினேன்; கேட்கவில்லை. உச்சத்திலும் கேட்கவில்லை. எனக்கே கேட்காத ஒலி ஒரு குழந்தையை என்ன செய்துவிடும்? ஒரு வாரம் கழித்து, இழுப்பறையில் ஓட்டும் மழைத் தடத்துக்கு மாறினேன். அளவும் இழுப்பறை அளவுதான். வேறு அளவில் பழக்கி எனக்கு வழக்கமில்லை.

“வலிக்குது மாமா.”

“புதுசுன்னா அப்படித்தான்டா. பழகிடும்.”

“எத்தனை நாளைக்கு?”

“கொஞ்ச நாள்தான். நீ நல்ல பிள்ளைல்ல?”

பிறகு அவள் சொல்வதை நிறுத்திவிட்டாள். எழுந்ததும் வெதுவெதுப்பாகப் பால் ஆற்றிக் கொடுப்பேன். எல்லாச் சாதனங்களுக்கும் எழுதுவதுபோல அவளுக்கும் குறிப்பு எழுதினேன். உங்களுக்குப் பயன்படும் என்பதால் சிலவற்றை அப்படியே தருகிறேன்.

நான்காம் மணி நேரம்: கூர்மை அதிகம். கண்ணில் நீர். பன்னிரண்டாம் மணி நேரம்: காதுக்குள் யாரோ விசில் அடிப்பதாகச் சொல்கிறாள். இருபத்தாறாம் மணி நேரம்: மிக்ஸி ஓடியது, அழவில்லை. நாற்பதாம் மணி நேரம்: பக்கத்து வீட்டு மோட்டார் ஓடும்போதே தூங்கினாள். கடவுளுக்கு நன்றி. ஐம்பதாம் மணி நேரம்: கொசு இல்லை.

கேட்கும் நாள் நன்றாக நடந்தது. ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஒருவர் அவளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். “சொல்லுங்க பெரிய மனுஷி, வாங்கலாமா, வேண்டாமா? உங்க மாமா பேச்சைக் கேட்டு ஏற்கெனவே ரெண்டு வாங்கிட்டேன்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். முயல் சிரிப்பவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இயர்போனைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் தலையை அசைத்தேன். “நல்லா இருக்கு” என்றாள், சற்று உரக்க. கைதட்டினார்கள். அன்றோடு நான் நிறுத்திவிட்டேன். என் தவறு அதுதான், அதைப் பிறகு சொல்கிறேன்.

அதன்பின் வீட்டில் சத்தம் அதிகமானது. “கூப்பிடக் கூப்பிட அசையுறாளா பாருண்ணா. செவிடன் காதுல சங்கு ஊதின மாதிரி நிக்குறா. ஏண்டி, காதைக் கடன் குடுத்துட்டியா?” என்பாள் தங்கை. ஒருநாள் கை ஓங்கி அடித்தும்விட்டாள். நான்தான் குறுக்கே போய்த் தடுத்தேன். குழந்தையை அடிப்பது எனக்குப் பிடிக்காது. அன்றைக்கு அவளுக்கு நானே ஊட்டிவிட்டேன். பள்ளியிலிருந்து டீச்சர் எழுதியனுப்பிய பிறகுதான் உங்களிடம் வந்தோம்.

உங்கள் கேள்விக்கு நான் இல்லை என்றதும், நீங்கள் அவளைப் பார்த்து, உதடு தெரியும்படி நிறுத்தி நிறுத்திக் கேட்டீர்கள். அவள் உங்களைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். பிறகு “இல்ல” என்றாள். பொய் சொல்லாத குழந்தை, எனக்காகச் சொன்னாள். மேசைக்குக் கீழே அவள் கையைப் பிடித்து அழுத்தினேன். பாதிக்கும் மேல் போய்விட்டது, மிச்சத்தையாவது காப்பாற்ற வேண்டும், இனிமேல் சத்தமே கூடாது என்றீர்கள். தங்கை படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். நான் அழவில்லை. ஏனென்றால் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

நீங்கள் நல்ல டாக்டர். ஆனால் நீங்கள் சாதனங்களோடு வாழ்ந்தவர் இல்லை. எதைப் பழக்கினாலும் நடுவில் ஒலி மங்கும். ஐம்பது, அறுபது மணி நேரத்தில் செத்ததுபோல் கிடக்கும். பொறுமையில்லாதவர்கள் அப்போதுதான் கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொண்டுவருவார்கள். நான் அவர்களிடம், நூறு வரை ஓட்டுங்கள், திறந்துகொள்ளும் என்பேன். அவளை நான் ஐம்பதில் நிறுத்தியிருந்தேன்.

மறுநாள் மதியம் மீண்டும் தொடங்கினேன். இம்முறை வெறும் இரைச்சல் வேண்டாம் என்று நல்ல நல்ல பாட்டாகத் தேர்ந்தெடுத்தேன். அவளுக்காகவே அந்த விலை உயர்ந்த பிளேயரில் ஒன்றை வாங்கிவந்தேன். அளவு அதே இழுப்பறை அளவு. அவள் மறுக்கவில்லை. சில நாள்களில் அவளே இயர்போனை எடுத்துவந்து என் கையில் கொடுத்துவிட்டுப் படுத்துக்கொள்வாள். முடிந்ததும் என் முகத்தையே பார்ப்பாள். நான் எப்படி இருந்தது என்று உதட்டசைப்பேன். “முந்திக்கு இப்ப நல்லா இருக்கு மாமா” என்பாள். அதையும் எழுதிக்கொள்வேன். அறுபதாம் மணி நேரம்: நன்று. எண்பதாம் மணி நேரம்: மிக நன்று. தொண்ணூறிலிருந்து வலியின் அடையாளமே முகத்தில் இல்லை.

நேற்று நூறாவது மணி நேரம் நிறைந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டிருந்தேன். அவள் கண் திறந்து என் முகத்தைப் பார்த்தாள். என் கண் கலங்கியிருந்தது போலும். எழுந்து உட்கார்ந்து என் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

“திறந்துடுச்சு மாமா” என்றாள். அது என் சொல். “ரொம்ப அழகா இருந்துச்சு. எல்லாம் கேட்டுது.”

இயர்போனைக் கழற்றி, பிளேயரை நிறுத்த எடுத்தேன். திரை இருண்டிருந்தது. அழுத்திப் பார்த்தேன், உயிர் வரவில்லை. முந்தின நாள் சார்ஜரில் போட்டபோது ஸ்விட்சைத் தட்ட மறந்திருக்கிறேன். மதியம் பழக்கத்தில் பொத்தானை அழுத்தியபோது திரையைப் பார்க்கவும் இல்லை. அந்த மதியம் முழுவதும் அது ஒரு நொடிகூட ஓடியிருக்கவில்லை.

அதைத் திரும்பச் சார்ஜரில் செருகினேன். பிறகு மெல்ல மெல்ல விளங்கியது. பெட்டி பாடவேயில்லை. ஆனாலும் அவளுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. அப்படியென்றால் பழகிக்கொண்டது பெட்டி அல்ல. முப்பது வருடம் இந்தத் தொழிலில் இருந்தும் எனக்குத் தெரியாமல் இருந்த விடை அது.

வீட்டில் வேறு யாரும் இல்லை. முயல் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பள்ளிப் பையில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் அவள் பின்னால் போய் நின்று, “காதுதான் பழகிக்குதுடா” என்றேன். எட்டு வயதில் அவள் கேட்டதற்கு ஒருவழியாகப் பதில் சொல்லிவிட்டேன். கடன் தீர்ந்தது.

அவள் திரும்பவில்லை. புத்தகங்களை அடுக்கிக்கொண்டே இருந்தாள். கெட்டிக்காரக் குழந்தை, அவளுக்கு அது முன்பே தெரிந்திருக்கும்.