மூன்றாம் சூடு

கதவை உடைக்கும்போது தாழ்ப்பாள் பக்கம் அடிக்கக் கூடாது, சார். கீல் பக்கம் அடிக்க வேண்டும். நான் அப்படித்தான் அடித்துக்கொண்டிருந்தேன். நாலு கிலோ சுத்தியல். முதல் அடியில் மேல் கீலின் திருகாணிகள் வெளியே எட்டிப் பார்த்தன. இரண்டாவதில் மரம் பிளந்தது. மூன்றாவதில் கதவு என் தோள்மேல் சாய்ந்தது. அதைச் சுவரோரமாகச் சாத்தி வைத்துவிட்டு உள்ளே போனேன்.

உலை எரிந்துகொண்டிருந்தது. இரும்பை அழுத்தும் பிரஸ்ஸுக்குப் பக்கத்தில், தரையில், அத்தான் கிடந்தார். அத்தான் என்றால் என் அக்கா வீட்டுக்காரர், பட்டறையின் முதலாளி. காதை மூடும் கவசம் தலையில் மாட்டியபடியே இருந்தது.

ஆஸ்பத்திரியில் எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். டாக்டர் என் தோளைத் தட்டி, "பத்து நிமிஷம் முன்னாடி ஆக்ஸிஜன் கொடுத்திருந்தா பிழைச்சிருப்பார். உங்க மேல தப்பில்லை" என்றார். அக்கா அழுதுகொண்டே, "நீ கதவை உடைக்கலேன்னா இன்னும் எவ்வளவு நேரம் உள்ளேயே கிடந்திருப்பாரோ, தம்பி" என்றாள். யாரும் எதுவும் கேட்கவில்லை.

எங்கள் வேலையைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். இரண்டு வகை எஃகுத் தகடுகளை மாற்றி மாற்றி அடுக்கி, வெண்காரம் தூவி, உலையில் மஞ்சளாகும்வரை காய்ச்சி, பிரஸ்ஸில் அழுத்தினால் எல்லாம் ஒரே துண்டாகிவிடும். அதை வெட்டி, மடித்து, மறுபடி அழுத்தினால் இருநூறு அடுக்கு வரும். பிறகு பூச்சாடி, கிண்ணம், பேனா தாங்கி, பதக்கம். கத்தி மட்டும் செய்வதில்லை. எங்கள் பட்டறையிலிருந்து ஆளைக் காயப்படுத்தும் பொருள் எதுவும் வெளியே போனதில்லை.

ஆனால் உலையிலிருந்து வரும் கிண்ணத்தைப் பார்த்தால் நீங்கள் வாங்க மாட்டீர்கள். வெறும் சாம்பல் நிற இரும்பு. அதை அமிலத் தொட்டியில் முக்கினால் ஒரு எஃகு கறுக்கும், இன்னொன்று வெள்ளியாக நிற்கும். அப்போதுதான் அந்த வரிகள் மேலே வரும், தண்ணீரில் கல் போட்ட மாதிரி. எவ்வளவு நேரம் முக்குவது, எத்தனை தடவை எடுத்துத் தேய்ப்பது, எப்போது நிறுத்துவது, அதுதான் என் வேலை. பதினோரு வருஷம். என் விரல் நகங்களைப் பாருங்கள், இந்தப் பழுப்பு இனிப் போகாது.

போன வருஷம் ஒரு பத்திரிகையில் எங்கள் படம் வந்தது. அத்தான் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு நடுவில் நிற்கிறார். கீழே அவர் பெயர், 'எஃகுக் கலைஞர்' என்று. ஓரத்தில் பாதி முகம் தெரிய நான். 'உதவியாளர்.' பெயர்கூட இல்லை. அக்கா அதைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினாள். நானும் ஆணி அடித்துக் கொடுத்தேன். இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளும் ஆள் இல்லை நான்.

விஷயம் காப்பித்தூளில்தான் ஆரம்பித்தது.

ஒரு நாள் அத்தான் வாளி நிறைய இன்ஸ்டன்ட் காப்பி கலக்கி வைத்திருந்தார். எங்கேயோ வீடியோவில் பார்த்தாராம். ஒரு கிண்ணத்தை என் அமிலத்தில் ஒரே ஒரு முக்கு முக்கி எடுத்து, ராத்திரி முழுக்க அந்தக் காப்பியில் போட்டுவிட்டுத் தூங்கப் போனார். காலையில் எடுத்துத் துடைத்தார். வரிகள் நன்றாக வந்திருந்தன. என்னுடையதைவிடக் கறுப்பு ஆழமாக இருந்தது. இல்லாததை நான் சொல்ல மாட்டேன்.

"பாத்தியா மச்சான்? பதினோரு வருஷமா ஏதோ ரகசியம் மாதிரி கதவைச் சாத்திக்கிட்டு செஞ்சியே. கடைசியில நாலு பாக்கெட் காப்பித்தூள்."

அக்கா சிரித்துவிட்டாள். "அவனுக்கும் ஒரு டம்ளர் ஊத்திக் கொடுங்க, முகம் கறுத்துப் போச்சு பாருங்க."

"அடுத்த மாசத்துலேர்ந்து நீ பேக்கிங் பாத்துக்கோடா" என்றார் அத்தான். "உன் ரூமை உடைச்சு கடையைப் பெருசாக்கலாம். உனக்கும் மூச்சுக்கு நல்லது. எத்தனை நாளைக்குத்தான் அந்த அமில நாத்தத்துல உட்கார்ந்திருப்பே?"

என் மூச்சைப் பற்றி அவருக்கு உண்மையிலேயே அக்கறை இருந்தது. கெட்ட மனிதர் இல்லை. நானும் சரி என்றுதான் தலையாட்டினேன்.

கடையில் ஒரு சுவர்க்கடிகாரம் நின்றுபோயிருந்தது. பேட்டரி மாற்று, மாற்று என்று அக்கா இரண்டு நாளாக என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தாள். உலை அறைச் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி உண்டு. விஷவாயு சேர்ந்தால் கத்தும். அதிலிருந்து ஒரு பேட்டரியை எடுத்துக் கடிகாரத்தில் போட்டேன். அக்கா சொன்ன வேலையைத்தான் செய்தேன்.

அடுக்குகளை ஒட்டவைக்கும் நாளில் அத்தான் ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடிவிடுவார். இருட்டில்தான் இரும்பின் சூடு கண்ணுக்கு நிறமாகத் தெரியும். யாராவது கதவைத் திறந்தால் வெளிச்சம் வந்து கண் ஏமாறும் என்று உள்ளே தாழ்ப்பாளும் போட்டுக்கொள்வார். தகடுகளில் கசடு பிடிக்காமலிருக்க, காற்றைக் குறைத்து எரிவாயுவைக் கூட்டி எரிப்பார். அப்படி எரித்தால் வாசனையே இல்லாத ஒரு விஷவாயு வரும். அதற்காகத்தான் எக்ஸாஸ்ட் ஃபேன். ஃபேனின் சுவிட்ச் மட்டும் என் அறையில் இருக்கிறது. பர்னர் இரைச்சலிலும் காதுக் கவசத்திலும் அது ஓடுகிறதா நிற்கிறதா என்று உள்ளே இருப்பவருக்குத் தெரியாது.

அன்று மத்தியானம் அதை அணைத்தேன். அவ்வளவுதான், சார். ஒரு சுவிட்ச். அவர்மேல் என் விரல்கூடப் படவில்லை.

பெரிய துண்டு அது. ஒரு புதுக் கட்டடத்தின் முகப்புக்கு அகலமான கிண்ணம் கேட்டிருந்தார்கள். மூன்று தடவை காய்ச்சி அழுத்த வேண்டும். முதல் சூடு முடிந்து பிரஸ் சத்தம் கேட்டது. இரண்டாம் சூட்டுக்கும் கேட்டது. அதன்பின் துண்டு மறுபடி உலைக்குள் போன ஓசை. நான் கடைக்குப் போனேன். அக்கா வாடிக்கையாளர் ஒருவருக்குப் பதக்கம் காட்டிக்கொண்டிருந்தாள். கடிகாரத்தைப் பார்த்தேன். சரியாக ஓடியது. அந்தக் கனத்துக்கு மூன்றாம் சூடு பிடிக்க இருபது நிமிஷம். இருபது நிமிஷமும் பிரஸ் சத்தம் வரவில்லை. என் அறைக்குத் திரும்பி, ஃபேனைப் போட்டுவிட்டு, சுத்தியலை எடுத்தேன். கதவை உடைக்கும் சத்தத்துக்கு அக்கா திரும்பியிருக்க மாட்டாள். பட்டறையில் இரும்புச் சத்தம் கேட்டு யார் திரும்புகிறார்கள்?

நீங்கள் என்னைப் பிடித்தது அந்தப் பேட்டரியால். எந்தப் பொருளிலும் பேட்டரி மாற்றினால் அதன்மேல் மார்க்கரால் தேதி எழுதுவது அத்தானின் பழக்கம். எனக்குத் தெரியும், கவனிக்கவில்லை. மூன்று வாரம் கழித்து அக்கா கடிகாரத்தைக் கழற்றித் துடைத்தாள். அவர் கையெழுத்தைப் பார்த்துவிட்டு என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"இதை எங்கேருந்து எடுத்தே, தம்பி?"

"உலை ரூம் பெட்டியிலேருந்து."

அக்காவிடம் நான் பொய் சொன்னதில்லை. அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். "கடிகாரம் நின்னா நின்னுட்டுப் போகுது. நான் என்ன ரயிலா பிடிக்கப் போறேன்?" என்றாள். பிறகு எழுந்து உங்களிடம் வந்தாள்.

நேற்று நீங்கள் ஒன்று கேட்டீர்கள். "சாகடிக்க நினைச்சவன் எதுக்குய்யா கதவை உடைச்சே? மனசு கேட்கலையா?" நீங்களாகவே எழுதிக்கொண்டீர்கள்: 'மனம் மாறி, காப்பாற்ற முயன்றார்.' அந்த வரி இருந்தால் தண்டனை குறையும் என்று வக்கீலும் சொல்கிறார். நல்ல மனதோடுதான் எழுதினீர்கள். ஆனால் வேலையில் தப்பு இருந்தால் எனக்குப் பொறுக்காது. அதனால்தான் இன்று நானே உங்களைக் கூப்பிட்டேன்.

நான் உள்ளே போனபோது அத்தானுக்கு மூச்சு இருந்தது. கண் பாதி திறந்திருந்தது. என் பேன்ட்டின் ஓரத்தைப் பிடித்தார். பிடியில் வலு இல்லை.

உலைக்குள் துண்டு நல்ல மஞ்சளில் நின்றது. இன்னும் இரண்டு நிமிஷம் விட்டால் பொறி கக்க ஆரம்பிக்கும், மொத்தமும் வீண். அதற்காகத்தான் கதவை உடைத்தேன்.

"ஒரு நிமிஷம் அத்தான்" என்றேன். அவர் விரல்களை விலக்கிவிட்டு இடுக்கியை எடுத்தேன். ஒரு அழுத்தில் முடியவில்லை. திரும்ப உலையில் வைத்து, எடுத்து, புரட்டி, ஓரங்களை அழுத்தி, முழுக்க ஒட்டிவிட்டதா என்று தட்டிப் பார்த்தேன். சுத்தமான சத்தம் வந்தது. பதினோரு நிமிஷம் ஆயிற்று. அப்புறம்தான் அக்காவைக் கூப்பிட்டேன்.

ஆகவே அந்த வரியை அடித்துவிடுங்கள். அப்படியே முதல் பக்கத்தில், தொழில் என்ற இடத்தில், 'உதவியாளர்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதையும் அடித்துவிடுங்கள். அந்தத் துண்டை ஒட்டவைத்தது நான்தான், சார்.